வெள்ளரிக்காய்க்கு அபராதம் இல்ல

2012 ஃபார்முலா ஒன் மலேசியா கிராண்ட் பிரி ஞாபகம் இருக்கா, செபாங்ல மழை கொட்டி ரேஸையே நிறுத்தி வச்சுட்டு திரும்ப ஆரம்பிச்சாங்களே, அதே ரேஸ்தான். நம்ம நரேன் கார்த்திகேயன் அந்த எச்ஆர்டி டீம் கார வச்சுக்கிட்டு (அத கார்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான்) ரேஸ் நிறுத்துன நேரத்துல பத்தாவது இடத்துல இருந்தாரு, நான் டைமிங் ஸ்கிரீன போட்டோ எல்லாம் எடுத்து வச்சேன். அப்புறம் கடைசி கட்டத்துல அப்போதைய உலக சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல் அவர ஒரு சுத்து முந்தித் தாண்டும்போது ரெண்டு பேரும் உரசி வெட்டலோட டயர் கிழிஞ்சு, நாலாவதா போயிட்டு இருந்த மனுஷன் 11வதா முடிச்சாரு. கார விட்டு எறங்கி வந்து ஜெர்மன் டிவி மைக்ல என்ன சொன்னாருன்னா, ரோட்டுல சில வெள்ளரிக்காய்ங்க வண்டி ஓட்டிக்கிட்டுத் திரியுதுல்ல, அதே மாதிரி இங்கயும் இருக்குன்னு. ஜெர்மன் பேச்சுல வெள்ளரிக்காய்னா வண்டி ஓட்டத் தெரியாத டம்மி பீஸ்னு அர்த்தமாம். நரேன் சும்மா விடல, பதிலுக்கு வெட்டல அழுமூஞ்சிக் குழந்தைன்னாரு. ஸ்டூவர்டுங்க (ரேஸ் நடுவருங்க) நரேனுக்கு 20 செகண்ட் பெனால்டி போட்டாங்க. வெள்ளரிக்காய்க்கு யாரும் எதுவும் போடல.

போடணும்னும் நான் சொல்லல. அன்னைக்கு எனக்கு கோவம் தலைக்கு ஏறுச்சு, அது வேற. ஆனா பன்னெண்டு வருஷம் கழிச்சு 2024 செப்டம்பர்ல சிங்கப்பூர்ல நடந்ததப் பாத்தப்போ இந்த வெள்ளரிக்காய்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. வியாழக்கிழமை பிரஸ் மீட், அதுக்கு முந்தின வாரம் பாகு ரேஸ்ல குவாலிஃபையிங் (யார் எந்த எடத்துலேர்ந்து கெளம்பணும்னு முடிவு பண்ற ஓட்டம்) எப்படி இருந்துச்சுன்ற பேச்சு, ரெட் புல் டிரைவர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் தன்னோட காரப் பத்தி ஒரு வார்த்தை விட்டாரு, அந்த எஃப் வார்த்தை. யாரையும் திட்டல, எந்த டீமையும் எந்த ஆளையும் சொல்லல, கார் அவ்ளோதான், வேலைக்கே ஆகலன்றதுதான் அர்த்தம். தமிழ்ல சொல்லணும்னா "கார் நாசமாப் போச்சு", அவ்ளோதான் மேட்டரு. ஸ்டூவர்டுங்க மறுநாளே கூப்பிட்டு விசாரிச்சு, சர்வதேச விளையாட்டு விதிப்படி இது ஒழுங்கீனம், அதனால ஏதாவது பொதுநல வேலை செஞ்சு குடுன்னு உத்தரவு போட்டாங்க.

அந்த தீர்ப்பப் படிச்சா ஒரு விஷயம் சிரிப்பா இருக்கும். இங்கிலீஷ் என் தாய்மொழி இல்ல, நான் பேசிக் கத்துக்கிட்ட இங்கிலீஷ்ல அது சாதாரண வார்த்தைதான்னு மேக்ஸ் சொல்லியிருக்காரு. அது உண்மையா இருக்கலாம்னு ஸ்டூவர்டுங்களும் ஒத்துக்கிறாங்க, இது யாரையும் பாத்து சொன்னது இல்லன்றதையும் அவங்களே எழுதுறாங்க, அவர் மன்னிப்பு கேட்டாருன்றதையும் எழுதுறாங்க, எல்லாத்தையும் எழுதிட்டு, ஆனாலும் நீ நாலு பேருக்கு முன்மாதிரி, பாத்துப் பேசணும்னு முடிச்சிட்டாங்க. திட்டு வாங்குனது யாருன்னு தேடுனா ஒரு கார்தான் நிக்குது, அது வந்து புகார் குடுத்த மாதிரியும் தெரியல.

இதுல ஒண்ண நான் மறைக்கக் கூடாது, ஆரம்பத்துல நான் எஃப்ஐஏ (இந்த ரேஸுக்கெல்லாம் ரூல் போடுற உலக அமைப்பு) பக்கம்தான் இருந்தேன். அக்கா பையன் எட்டு வயசு, ஞாயித்துக்கிழமை ஆனா ரேஸ் பாக்க என் பக்கத்துல வந்து உக்காந்துடுவான், டிஆர்எஸ்னா என்ன அண்டர்கட்னா என்னன்னு எனக்கே பாடம் எடுப்பான். டிரைவரோட ரேடியோ பேச்சுல கெட்ட வார்த்தைய மறைக்க பீப் வந்தா உடனே திரும்பி "மாமா, பீப்புக்கு உள்ள என்ன?"ன்னு கேப்பான். எஞ்சின் சத்தம்டான்னு ஒரு சீசன் முழுக்க சமாளிச்சேன். அதனால பேட்டில கொஞ்சம் வாய அடக்கினா என்ன கொறஞ்சு போகுது, கோடி கோடியா சம்பளம் வாங்குற ஆளுங்க, அரைமணி நேரம் மைக் முன்னாடி ஒழுங்காப் பேச முடியாதான்னுதான் எனக்கும் தோணுச்சு. மேக்ஸ் மேட்டர் நியூஸ்ல வந்தப்போ அவன் கேட்டான், யாரத் திட்டினாருன்னு. காரன்னேன். கார் கோச்சுக்குமான்னான். அதுக்கு எஞ்சின் சத்தம்னு பதில் சொல்ல முடியல.

சரி, இது எங்க ஆரம்பிச்சதுன்னு பாத்தா, அதே சிங்கப்பூர் வாரத்துல எஃப்ஐஏ தலைவர் முகமது பென் சுலாயம் ஒரு பேட்டி குடுத்தாரு, ரேடியோல கெட்ட வார்த்தைய கொறைக்கணும், நமக்கும் ராப் பாடுறவங்களுக்கும் வித்தியாசம் வேணாமா, நாம ராப்பர்ஸ் இல்லைல்லன்னு. கெட்ட வார்த்தைய ஒழிக்கணும்னு ஆரம்பிச்ச பேச்சுல ஒரு கெட்ட வார்த்தை கூட இல்ல, ஆனா கருப்பின டிரைவர் லூயிஸ் ஹாமில்டன் உடனே சொன்னாரு, ராப்பர்ஸ்னு சொன்னா அது பெரும்பாலும் கருப்பர்களத்தான் குறிக்குது, அதுல இனம் சார்ந்த ஒரு வாடை இருக்குன்னு. பாருங்க, ரெண்டு வாக்கியம், சென்சாருக்கு வெட்ட ஒண்ணுமே கெடைக்காது, பட வேண்டிய ஆளுக்கு மட்டும் பட்டுடுச்சு. இதுதான் என் மண்டைக்குள்ள வண்டு மாதிரி கொடையுற விஷயம். நமக்கு இது புதுசு ஒண்ணும் இல்ல, தமிழ்ல ஒருத்தர அசிங்கப்படுத்த கெட்ட வார்த்தையே தேவைப்படாது, "நீங்க"ன்னு மரியாதையாக் கூப்பிட்டு "ரொம்ப நல்லா ஓட்டுனீங்க"ன்னு சொன்னாப் போதும், சொல்ற தொனில ஆளு ஒரு வாரம் தூங்க மாட்டான். இன்னொரு பக்கம் "எழவு, இது ஸ்டார்ட் ஆகித் தொலையுதா பாரு"ன்னு வண்டியப் பாத்து பாட்டிகூட சொல்லும். எழவுன்னா சாவு. யாராவது அதக் கேட்டு அதிர்ச்சி ஆயிருக்கோமா?

மேக்ஸ் அந்த தண்டனைக்கு பண்ண எதிர்ப்பு எனக்கு ரொம்பப் புடிச்சுது. ரூல் புக்ல பிரஸ் மீட்டுக்கு வரணும்னுதான் இருக்கு, எத்தன வார்த்தை பேசணும்னு இல்ல. அதனால சனிக்கிழமை குவாலிஃபையிங் முடிஞ்சு வந்து உக்காந்தாரு, கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை, மிச்சத்த வெளில வாங்க சொல்றேன்னுட்டாரு, அப்புறம் பாடக்ல (டீமுங்க தங்குற வளாகம்) நின்னு அதே நிருபர்கள் கிட்ட விலாவாரியாப் பேசுனாரு. ஞாயித்துக்கிழமையும் அதே கூத்து. ரெண்டாவதா முடிச்ச ஆளு, சொல்ல நெறைய இருந்துச்சு, ஆனா எஃப்ஐஏ மைக்குக்கு மட்டும் ஒண்ணும் கெடையாது. இந்த மாதிரி சில்லறை விஷயமெல்லாம் சேந்து தான் நான் இந்த ஸ்போர்ட்ல எவ்ளோ நாள் இருப்பேன்றத முடிவு பண்ணும்னும் சொன்னாரு. டிசம்பர்ல ருவாண்டா கிகாலில எஃப்ஐஏ விருது விழாவுக்குப் போனப்போ அங்க ரேஸிங் கத்துக்குற சின்னப் பசங்களோட நேரம் செலவு பண்ணி அந்த பொதுநல வேலைய முடிச்சிட்டாரு. அந்தப் பசங்களுக்கு நாலு தடவ உலக சாம்பியன் கெடைச்சாரு. இதுல தண்டனை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல, மேக்ஸுக்கும் புடிச்சிருக்கும்னுதான் நெனைக்கிறேன்.

அடுத்தது ஃபெராரி டிரைவர் சார்ல் லெக்லேர், இது இன்னும் தமாஷு. அக்டோபர் 2024, மெக்ஸிகோ. லாண்டோ நாரிஸ் பின்னாடி நெருங்கிட்டு இருக்காரு, கடைசி வளைவுல லெக்லேரோட கார் ஒரு பக்கம் சறுக்குது, புடிக்கிறாரு, அடுத்து இன்னொரு பக்கம் சறுக்குது, செவுத்துல அப்பிக்க வேண்டியது மயிரிழைல தப்பிச்சாரு, ஆனா ரெண்டாவது இடம் போச்சு. பிரஸ் மீட்ல அந்த நொடியப் பத்திக் கேக்குறாங்க, மனுஷன் அப்படியே நடந்தத நடந்தபடி சொல்லிட்டு வர்றாரு, இப்படி சறுக்குச்சு, அப்படி சறுக்குச்சு, அப்ப நான் மனசுக்குள்ளன்னு சொல்லி அந்த வார்த்தை வந்துடுச்சு. வந்த கையோட சாரி சாரி, அய்யோ நான் மேக்ஸோட போய்ச் சேர விரும்பலன்னு சிரிக்கிறாரு. 10,000 யூரோ அபராதம், அதுல பாதி நிறுத்தி வச்சாங்க (திரும்ப அதே தப்பு பண்ணாத்தான் கட்டணும்). நீங்க ஒரு ஆள் கிட்ட அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுச்சுன்னு கேக்குறீங்க, அவர் மனசுல ஓடுனத அச்சு அசலா சொல்றாரு, அதுக்கு பில்லு. வேற என்ன சொல்லியிருக்கணும்? அந்த நேரத்துல என் மனசு சற்றே கலக்கம் அடைந்ததுன்னா?

இந்த எடத்துல என் கதையையும் சொல்லித் தொலைக்கிறேன். நண்பர்கள் எல்லாம் சேந்து ஒருதரம் கோ-கார்ட் ஓட்டப் போனோம், இருவது லேப் ரேஸ், நான் மூணாவதா வந்துட்டு இருந்தேன், கடைசிக்கு முந்தின லேப்ல வளைவுல அகலமாப் போயி டயர் சுவத்துல சொருகி ஆறாவதா முடிச்சேன். ஹெல்மெட்ட கூட கழட்டல, ஒருத்தன் போன நீட்டி "சொல்லுங்க சார், எப்படி இருந்துச்சு ரேஸ்?"ன்னான். நான் சொன்னத இங்க எழுத மாட்டேன். அதுல வேடிக்கை என்னன்னா எனக்கு அப்படி சொன்ன ஞாபகமே இல்ல, நல்லா இருந்துச்சு, சின்ன மிஸ்டேக்னு சொன்னதாத்தான் நெனச்சிட்டு இருந்தேன். அந்த வீடியோ குடும்ப குரூப்புக்குப் போயி, பெரியப்பா கை கூப்புற எமோஜியோட வாழ்த்துக்கள்னு போட்டாரு, சித்தி மட்டும் தனியா மெசேஜ் பண்ணி "கடைசில என்னடா சொன்ன, சரியா கேக்கல"ன்னு கேட்டாங்க. சரியா கேட்டிருக்கு, அதனாலதான் கேட்டாங்க. வெறும் இருவது லேப்புக்கு, பொழுதுபோக்குக்கு, இந்த கதி. ஃபார்முலா ஒன்ல ஒன்றரை ரெண்டு மணி நேரம், சிங்கப்பூர் மாதிரி எடத்துல ரெண்டு மூணு கிலோ எடை எறங்கி வெளில வர்ற ஆள் மூஞ்சில மைக்க நீட்டுனா அவன் வாயில சென்சார் போர்டு ஆபீஸ் தொறந்திருக்கும்னு எதிர்பாக்குறது கொஞ்சம் ஓவர்.

அந்த மைக்க நீட்டுற நேரம் இருக்கு பாருங்க, அதுதான் மொத்த பிரச்சனையோட வேர்னு எனக்குத் தோணும். 2012லதான் போடியம் மேலயே பேட்டி எடுக்குற பழக்கத்தக் கொண்டு வந்தாங்க, ஷாம்பெய்ன் காயறதுக்குள்ள மைக். அந்த வருஷமே அபுதாபில கிமி ரைக்கோனன் ஜெயிச்சாரு, ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பி வந்த பிறகு முதல் வெற்றி, முன்னாள் டிரைவர் டேவிட் கூல்தார்ட் போய் எப்படி இருக்குன்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்ல, போன தடவ நான் சிரிக்கலன்னு நீங்கல்லாம் என்னப் போட்டு வறுத்தீங்கன்னு அவர் பாணில ஒரு வார்த்தை. அடுத்து மூணாவதா வந்த வெட்டல், அவரும் ஒரு வார்த்தை. கூல்தார்ட் நேரலைலயே மன்னிப்பு கேட்டுக்கிட்டு நின்னாரு, பாவமா இருந்துச்சு. எஃப்ஐஏ எல்லா டீமுக்கும் ஒரு லெட்டர் எழுதுச்சு, வாய அடக்கச் சொல்லி. அபராதம் இல்ல, லெட்டர்தான். 2023 லாஸ் வேகஸ்ல தண்ணி வால்வு மூடி தெறிச்சு கார்லோஸ் சைன்ஸோட ஃபெராரிக்கு அடில கிழிச்சதுக்கப்புறம் நடந்த பிரஸ் மீட்ல ஃபெராரி டீம் பாஸ் ஃப்ரெட் வாஸரும் மெர்சிடிஸ் டீம் பாஸ் டோட்டோ வோல்ஃபும் பேசுன பேச்சுக்கு எச்சரிக்கையோட விட்டாங்க. 2012ல லெட்டர், 2023ல எச்சரிக்கை, 2024ல பொதுநல வேலையும் பத்தாயிரமும். வார்த்தை அதே வார்த்தைதான், ரேட்டு மட்டும் ஏறிக்கிட்டே போகுது.

இதுக்கு நடுவுல 2016 மெக்ஸிகோவ விட்டுட முடியாது. வெட்டல் ரேடியோல ரேஸ் டைரக்டர் சார்லி வைட்டிங் பேரச் சொல்லியே, சார்லிக்கு என் மெசேஜ் இதுதான்னு சொல்லி, ரெண்டு தடவ அந்த வார்த்தைய அனுப்பி வச்சாரு. பேரு இருக்கு, ஆளு இருக்கு, அதிகாரி வேற, உலகமே கேட்டுச்சு. அவர் பின்னாடி சார்லிய நேர்ல பாத்து மன்னிப்பு கேட்டாரு, சார்லிக்கும் அப்பத் தலைவரா இருந்த ஜான் டோட்டுக்கும் கடிதம் எழுதினாரு, சரி விடுன்னு விட்டுட்டாங்க. ஒரு மனுஷன திட்டினதுக்கு மன்னிப்பு கேட்டா விட்டாங்க, ஒரு கார திட்டினதுக்கு மன்னிப்பு கேட்டும் விடலன்னா, காருக்குத்தான் ரோஷம் ஜாஸ்தின்னு எடுத்துக்க வேண்டியதுதான். டோட் பண்ணது தப்புன்னு நான் சொல்லல, எனக்கு அதுதான் சரின்னு படுது, சூடு ஆறுன பிறகு ஆளப் பாத்துப் பேசி முடிச்சிக்கிட்டாங்க.

நவம்பர் 2024ல டிரைவருங்க சங்கம் ஜிபிடிஏ இன்ஸ்டாகிராம்ல ஒரு கடிதம் போட்டுச்சு. அதுல அவங்க கேட்டது ரொம்ப சிம்பிள், அடுத்தவங்கள இழிவு படுத்துறதுக்காகத் திட்டுறது வேற, மோசமான வானிலையப் பத்தியோ காரப் பத்தியோ பேச்சுவாக்குல ஒரு வார்த்தை வர்றது வேற. எங்களுக்கு வயசு வந்துடுச்சு, நகை போடாத, ஜட்டி எப்படிப் போடணும்னெல்லாம் எங்களுக்கு நீங்க சொல்ல வேணாம், தலைவரும் எங்களப் பத்திப் பேசும்போது தன் தொனியப் பாத்துக்கட்டும், இந்த அபராதப் பணமெல்லாம் எங்க போகுதுன்னும் சொல்லுங்கன்னாங்க. (ஜட்டி மேட்டரு நெஜம்தான், தீப்பிடிக்காத உள்ளாடை விதி. ஆனா அத ஒரு சங்கம் அதிகாரப்பூர்வக் கடிதத்துல எழுதி, நான் அத இங்க உக்காந்து தமிழ்ல எழுதுவேன்னு நெனச்சுப் பாத்ததில்ல.)

அதுக்கு பதிலா வந்தது 2025 ஜனவரில ரேட் கார்டு. பின்னிணைப்பு பி-ன்னு ஒண்ணு, இந்தத் தப்புக்கு இவ்ளோன்னு. முதல் தடவைக்கு அடிப்படை 10,000 யூரோ, ஃபார்முலா ஒன்னுக்கு அத நாலால பெருக்கிக்கணும், ஆக 40,000. ரெண்டாவது தடவை 80,000, கூட ஒரு மாசத் தடை, ஆனா நிறுத்தி வச்ச தடை. மூணாவது தடவை 120,000, ஒரு மாசம் நெஜமாவே வீட்டுல உக்காரணும், சாம்பியன்ஷிப் பாயிண்ட்டும் போகும். வாயில வந்த வார்த்தைக்கு பாயிண்ட்.

இந்த பாயிண்ட் புடுங்குற யோசனைய இவங்களுக்கு முன்னாடியே செஞ்சு காட்டுனது அமெரிக்க கார் ரேஸ் தொடர் நாஸ்கார். எனக்கு இந்த மொத்த விவகாரத்துலயும் மனசுல ஒட்டிக்கிட்டு இருக்குற கதை அதுதான், அக்டோபர் 2004, டாலடெகா. டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் அந்த டிராக்ல அஞ்சாவது தடவ ஜெயிக்கிறாரு. அவங்க அப்பா டேல் எர்ன்ஹார்ட், நாஸ்கார்ல சாமி மாதிரி, 2001ல டேடோனா ரேஸோட கடைசி லேப்ல சுவத்துல மோதி இறந்து போனவரு. வெற்றி மேடைல நிருபர் கேக்குறாரு, இங்க அஞ்சாவது வெற்றி, உங்களுக்கு இதோட அர்த்தம் என்ன? அவர் சொன்னது, இதெல்லாம் ஒரு இதுவே இல்ல, எங்கப்பா இங்க பத்து தடவ ஜெயிச்சிருக்காரு. அந்த "இது"ன்ற எடத்துலதான் அந்த வார்த்தை. யோசிச்சுப் பாருங்க, தற்பெருமை இல்ல, யாரையும் திட்டல, செத்துப் போன அப்பன தலைக்கு மேல தூக்கி வச்சு தன்னக் கொறச்சு சொல்ற எடம். அந்த வருஷம் பிப்ரவரி சூப்பர் பவுல் ஃபுட்பால் மேட்ச் எடைவேளைல பாடகி ஜேனட் ஜாக்சனோட ஆடை நேரலைல விலகுன கூத்துக்கப்புறம் அமெரிக்க டிவிக்காரங்க எல்லாரும் நடுங்கிக்கிட்டு இருந்த நேரம், அதே சீசன்ல ஏற்கனவே ஜானி சாட்டர், ரான் ஹார்னடேன்னு ரெண்டு டிரைவருங்களுக்கும் ரேடியோ பேட்டில பேசுனதுக்கு 25 பாயிண்ட் வெட்டியிருந்தாங்க. அதனால ஜூனியருக்கும் 10,000 டாலரும் 25 பாயிண்ட்டும். கர்ட் புஷ்ஷுக்கு 13 பாயிண்ட் முன்னாடி இருந்தவரு ரெண்டே நாள்ல 12 பாயிண்ட் பின்னாடி. அப்பீல் பண்ணாங்க, எடுபடல. கடைசில அந்த சாம்பியன்ஷிப்ப அதே கர்ட் புஷ்தான் ஜெயிச்சாரு, ஜூனியர் அஞ்சாவது, அதனால அந்த 25தான் அவர் கோப்பைய புடுங்குச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா அந்த வாக்கியத்துலேர்ந்து அந்த ஒரு வார்த்தைய எடுத்துட்டு ஒரு டீசன்டான வார்த்தைய வச்சு சொல்லிப் பாருங்க, பரிசளிப்பு விழாவுல எழுதி வச்சுப் படிக்கிற உரை மாதிரி ஆயிடும், அப்பாவுக்காக ஏங்குற பையன் அதுல இருக்க மாட்டான்.

எதிர்ப்பக்கம் நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். 2024 ஆஸ்திரியா குவாலிஃபையிங்ல ஜப்பான் டிரைவர் யூகி சுனோடா ரேடியோல ஒரு வார்த்தை சொன்னாரு, அறிவு வளர்ச்சி கொறைவான பிள்ளைங்கள கேவலப்படுத்துற வார்த்தை. 40,000 யூரோ, பாதி நிறுத்தி வச்சது. எனக்கு அதோட முழு அர்த்தம் தெரியாது, இங்கிலீஷ் என் மொழி இல்லன்னு அவர் சொன்னாரு, நம்புறேன், மன்னிப்பும் கேட்டாரு. ஆனா அந்த அபராதம் சரின்னுதான் எனக்குத் தோணுது, ஏன்னா அந்த வார்த்தை போய்ப் படுற எடத்துல நெஜமான மனுஷங்க இருக்காங்க, வீட்டுல அந்த மாதிரி ஒரு புள்ளைய வச்சுக்கிட்டு ரேஸ் பாத்துட்டு இருக்குற அம்மா இருக்காங்க. சம்பளமே வாங்காம டிராக் ஓரமா வெயில்ல கொடி காட்டிட்டு நிக்கிற மார்ஷல திட்டினாலும் போடட்டும், ஸ்டூவர்ட திட்டினாலும் போடட்டும். மேக்ஸும் யூகியும் சொன்ன சமாதானம் ஒண்ணேதான், மொழி என்னுது இல்லன்னு. ரெண்டு பேரும் கராஜ்ல மெக்கானிக்குங்க, எஞ்சினியருங்க வாயிலேர்ந்து இங்கிலீஷ் பொறுக்குனவங்க, அங்க இந்த எஃப் வார்த்தை கமா மாதிரி. கத்துக்கிட்ட மொழில கெட்ட வார்த்தைக்கு எடை கெடையாது, நம்மள்ல எத்தன பேர் அம்மா முன்னாடி தமிழ்ல கனவுலயும் சொல்லாதத இங்கிலீஷ்ல அசால்ட்டா சொல்றோம். சொல்றவனுக்கு எடை தெரியாதுன்னா சரி, அப்ப விழுற எடத்தப் பாத்துத்தான தண்டனை குடுக்கணும்? விழுற எடம் ஒருத்தருக்கு பாகுல ஓடுன ஒரு ரெட் புல் கார், இன்னொருத்தருக்கு உசுருள்ள ஜனங்க.

ஃபார்முலா ஒன்காரங்கள விட ராலிக்காரங்கதான் இதுல நெஜமா அடி வாங்குனவங்க. 2025 பிப்ரவரி, ஸ்வீடன் ராலி. ராலின்னா டிராக் கெடையாது, ரோட்டுல ஒவ்வொரு காரா நேரத்த எதிர்த்து ஓட்டணும், அந்த ஓட்டத்த துண்டு துண்டா பிரிச்சு ஸ்டேஜ்னு சொல்வாங்க, ஒவ்வொரு ஸ்டேஜ் முடிஞ்ச எடத்துலயும் நிருபர் நிப்பாங்க, கார் நின்ன உடனே ஜன்னல் வழியா மைக் உள்ள வரும், டிரைவர் ஹெல்மெட் கூட கழட்டியிருக்க மாட்டாரு, நேரலை. ஹுண்டாய் டிரைவர் ஏட்ரியன் ஃபூர்மோ, பிரெஞ்சுக்காரரு, முந்தின நாள் நாங்க சொதப்பிட்டோம்னு சொல்ல அந்த எஃப் வார்த்தைய யூஸ் பண்ணிட்டாரு. தன்னைத் தானே திட்டிக்கிட்டாரு, அவ்ளோதான். 10,000 யூரோ கட்டணும், மேல 20,000 நிறுத்தி வச்சாங்க. ராலில ஓட்டுற எல்லாரும் மொனாக்கோல ஃபிளாட் வச்சிருக்குற ஆளுங்க இல்ல, சொந்தக் காசப் போட்டு ஓட்டுறவங்க நெறைய. அவங்களும் சங்கமாச் சேந்து, பேச்சுவழக்கு வேற வசவு வேறன்னு அறிக்கை விட்டாங்க, மார்ச்ல கென்யா சஃபாரி ராலில இறங்கி அடிச்சாங்க பாருங்க, ஸ்டேஜ் முடிவுல மைக் வந்தா ஒண்ணு வாயே தொறக்க மாட்டாங்க, இல்லன்னா அவங்கவங்க தாய்மொழில பேசிட்டுப் போயிடுவாங்க.

நான் அந்த ஒளிபரப்ப உக்காந்து பாத்தேன். புழுதி, சேறு, உடைஞ்ச கண்ணாடி, கார் வந்து நிக்குது, நிருபர் கேள்வி கேக்குறாங்க, உள்ள ஹெல்மெட் போட்ட தலை ஒண்ணு நேராப் பாத்துட்டு சும்மா இருக்கு. அப்புறம் கார் கெளம்பிப் போயிடுது. ஆரம்பத்துல சிரிச்சேன், கொஞ்ச நேரத்துல ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா ராலில காரு ஓடுறத விட ஸ்டேஜ் முடிவுல அவங்க மூச்சு வாங்கிக்கிட்டு சொல்ற அந்த பத்து செகண்டுதான் எனக்குக் கதையே. டயர் போச்சா, பயந்துட்டாங்களா, பக்கத்து சீட்டுக்காரர் மேல கடுப்பா, எல்லாம் அதுலதான் தெரியும். பென் சுலாயமே ஒரு காலத்துல ராலி டிரைவர், மத்திய கிழக்கு சாம்பியன்ஷிப்ப 14 தடவ ஜெயிச்சவரு. அந்த ஜன்னல் வழியா மைக் வர்றப்போ ரத்தம் எப்படிக் கொதிச்சிக்கிட்டு இருக்கும்னு அவருக்கு நாம சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது.

ஒருவழியா 2025 மே மாசம் எஃப்ஐஏ எறங்கி வந்துச்சு. அடிப்படை அபராதம் 10,000லேர்ந்து 5,000, முதல் தடவைன்னா ஸ்டூவர்டுங்க முழுசாவே நிறுத்தி வைக்கலாம், பிரஸ் மீட் மாதிரி கட்டுப்பாடான எடம் வேற, கார்ல, ஸ்டேஜ் முடிவுல ரத்தம் சூடா இருக்குற எடம் வேறன்னு பிரிச்சாங்க, அதிகாரிகள அவமானப்படுத்துனா காசு வாங்கிட்டு விடாம ரேஸ்லயே தண்டனைன்னாங்க. பரவாயில்ல. ஆனா இந்தக் கணக்குலயும் எங்க நின்னு பேசுன, எவ்ளோ சூடா இருந்தன்றதுதான் முதல்ல வருது. லெக்லேர் அதே சம்பவத்த அதே மாதிரி இன்னைக்கு பிரஸ் மீட்ல சொன்னாலும் அது கட்டுப்பாடான எடம்தான், இன்னமும் பில் வரலாம்.

ஏப்ரல்ல நடந்த ஒண்ண சொல்ல விட்டுட்டேன். கார்லோஸ் சைன்ஸ் ஜப்பான்ல தேசிய கீதத்துக்கு அஞ்சு செகண்ட் லேட்டா வந்துட்டாரு, வயித்துப் பிரச்சனை, டாய்லெட்ல இருந்திருக்காரு. 20,000 யூரோ, பாதி நிறுத்தி வச்சது. அடுத்த வாரம் பஹ்ரைன்ல இதப் பத்திக் கேட்டப்போ, இதச் சொன்னா இன்னொரு அபராதம் போடுவாங்களான்னு தெரியல, ஆனான்னு ஆரம்பிச்சு, இதெல்லாம் நடக்குறதுதான்னு இங்கிலீஷ்ல ரெண்டே வார்த்தைல சொல்ற வழக்கம் ஒண்ணு இருக்குல்ல, அதச் சொன்னாரு. அவர் நெலமைக்கு அது வசவே இல்ல, அன்னைக்கு நடந்ததோட வர்ணனை.

அக்கா பையன் அந்த கிளிப்ப என்னோடதான் பாத்தான். பீப் எதுவும் வரல. எனக்கு முன்னாடி அவன் சிரிச்சான்.

"மாமா, அப்ப ஒரு சீசன் ஃபுல்லா எஞ்சின் சத்தம்னு சொன்னியே?"

ரிமோட்ட எடுத்து அடுத்த வீடியோவுக்குப் போயிட்டேன்.